கடைசிப் பயனாளி

சுமைதாங்கி மன்றத்தில் எதையாவது புதிதாகக் கட்டினால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இருப்பதை இடித்தால் கைதட்டுவார்கள். அதனால்தான் நிகிலன் எழுந்து நின்றதுமே மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் பாதி சமோசாவைக் கீழே வைத்துவிட்டு விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜெசிந்தா மட்டும் துடைக்கவில்லை. அவளும் மன்றத்தின் உறுப்பினர்தான். பத்து வருஷ அனுபவம், ஓட்டு உண்டு, பேச்சுக்கு மரியாதையும் உண்டு. ஆனால் அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியைப் பார்த்ததிலிருந்து அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். 'பொட்டலத்துக்கு விடை கொடுத்தல்' என்று போட்டிருந்தான் நிகிலன், ஏதோ ரிடயர் ஆகிற தாசில்தாருக்கு மாலை போடுகிற தோரணையில்.

இது நடப்பது இன்னும் கொஞ்சம் தள்ளி, எல்லாச் சாமானுக்கும் புத்தி வைத்து முடித்துவிட்ட காலத்தில். லிஃப்டோ, பஸ்ஸோ, ஃப்ரிட்ஜோ, ஆஸ்பத்திரிக் கட்டிலோ, எதற்குள் எந்தக் கம்ப்யூட்டர் நிரல் போவதாக இருந்தாலும் அதைச் சுமந்துகொண்டு போய் உள்ளே பிரித்து வைக்கிற மென்பொருளுக்குத்தான் சுமைதாங்கி என்று பேர். அதில் எது இருக்கலாம், எது போகலாம் என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்வதுதான் மன்றத்தின் வேலை. நிரலை அப்படியே அள்ளி அனுப்ப முடியாது, கட்டித்தான் அனுப்ப வேண்டும். பழைய காலத்துக் கட்டுக்குப் பொட்டலம் என்று பேர். இப்போதைய கட்டு பேழை. சுமைதாங்கிக்கு இரண்டையுமே பிரிக்கத் தெரியும். பொட்டலத்தைப் பிரிக்கிற பகுதியை வெட்டி எறிந்துவிடலாம் என்பதுதான் நிகிலனின் தீர்மானம்.

"யாராச்சும் இன்னும் பொட்டலம் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார் தலைவர் ஆளவந்தார். நல்ல மனுஷர். யார் எதைச் சொன்னாலும் வருத்தத்தோடு தலையாட்டுவார், பிறகு விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்வார்.

"ஒருத்தர்கூட இல்ல சார். கணக்கெடுப்பு நடத்திட்டோம். பூஜ்யம்."

"எப்படி எடுத்தீங்க நிகிலன்?" என்றாள் ஜெசிந்தா.

"எல்லாச் சாதனத்துக்கும் ஒரு கேள்வி அனுப்பினோம் மேடம். நீ பேழையா, பொட்டலமான்னு. பதில் சொன்னது அத்தனையும் பேழை."

"கேள்வி எதுல கட்டிப் போச்சு?"

"பேழையிலதான்."

"பொட்டலச் சாதனத்துக்கு அதைப் பிரிக்கத் தெரியாதே. அது எப்படிப் பதில் சொல்லும்?"

"சொல்லல மேடம். அதான் பூஜ்யம்."

யாரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் ஒரு நல்ல கணக்கைக் கேட்ட திருப்தியில் இருந்தார்கள்.

"ஆட்சேபம் இருந்தா தெரிவிக்கச் சொல்லி அறிவிப்பு போயிருக்கா?" என்றார் ஆளவந்தார்.

"போன மாசமே பேழையில போயிடுச்சு சார். ஒரு ஆட்சேபமும் வரல."

நிகிலனைக் கெட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அன்றைக்கு அதையும் சொன்னான். "பொட்டலம் பிரிக்கற பகுதியில எப்பப் பாத்தாலும் ஒரு ஓட்டை மேடம். திருடன் நுழையறதுக்கு ஏத்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் அடைக்கறது நான்தான். என் பொண்ணு பொறந்த அன்னிக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா? பிரசவ வார்டு வாசல்ல லேப்டாப்போட குந்திட்டு ஓட்டை அடைச்சிட்டு இருந்தேன். குழந்தையை மூணாவது ஆளாத்தான் பாத்தேன். யாருக்காக? இல்லாத ஆளுக்காக."

ஜெசிந்தாவுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. தன்மேல் அதைவிடப் பாவமாக இருந்தது. இல்லாத அந்த ஆள் அவனுக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் வலது காதுக்குப் பின்னால், முடிக்குள்ளே, ஒரு பொட்டலச் சாதனம் ரூபாய் நாணயம் மாதிரி ஒட்டிக்கொண்டு இவன் பேச்சு முழுவதையும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

வாய் திறந்து சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். முன்னொரு காலத்தில் ஒரு உறுப்பினர் தன் மச்சானின் லிஃப்ட் கம்பெனிக்குச் சாதகமாக ஓட்டுப் போட்டுவிட்டார். அதிலிருந்து மன்றத்தில் சொந்த நலன் விதி என்று ஒன்று வந்தது. விவாதிக்கிற பொருளால் தனக்கு லாபமோ நஷ்டமோ வருகிற உறுப்பினர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். மச்சானைப் பிடிக்கப் போட்ட விதி, மச்சானைத் தவிர மற்ற எல்லாரையும் பிடித்தது. எந்த முடிவாலும் யார் பாதிக்கப்படுவார்களோ அவர்கள் வெளியே, எதனாலும் பாதிக்கப்படாதவர்கள் உள்ளே. இதை அவர்கள் நடுநிலை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

"அடுத்த கூட்டத்துல ஓட்டுக்கு விடலாம்," என்றார் ஆளவந்தார்.

மேஜை நடுவில் இருந்த வாக்குப் பெட்டியைச் செல்லமாகத் தட்டிக் கொடுத்தார். மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற பெட்டி அது. கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். அந்த விளக்கு எரியாத எந்த முடிவும் முடிவல்ல என்பது முதல் விதி.

கூட்டம் முடிந்ததும் ஜெசிந்தா பரூக்கை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்பக்கம் இருக்கிற கடை. பரூக்கும் மன்ற உறுப்பினர்தான், அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் டீயை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அவள் முடியை ஒதுக்கிக் காட்டிவிட்டாள்.

பரூக் குனிந்து பார்த்தான். "பத்து வருஷமா என் ஜோக்கெல்லாம் இதுலயா கேட்ட?"

"ஆமா."

"அதான் சிரிப்பு வரலையா?"

"காது நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஜோக்குதான் மோசம்."

சிரித்துவிட்டு, பிறகு சொன்னாள். கல்யாணம் ஆகித் தூத்துக்குடியில் இருந்த காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆளை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. மூன்று வருஷம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தாள். பிறகு நாதம் என்கிற கம்பெனியின் செயற்கைக் காதை எலும்பைத் தோண்டி உள்ளே வைத்தார்கள். வெளியே ஒரு பட்டன். தினமும் காலையில் குளிக்கப் போகும்போது பட்டனைக் கழற்றி ஒரு ஸ்டாண்டில் வைக்க வேண்டும். ஸ்டாண்டு அதற்குச் சார்ஜ் ஏற்றும், கூடவே காதுக்கான பொட்டலத்தைப் புதிதாகப் பிரித்து உள்ளே போடும். அந்த ஸ்டாண்டுக்குள் இருப்பது சுமைதாங்கி.

"புது வெர்ஷன் வந்தா ஸ்டாண்டு தானா மாறிக்குமே," என்றான் பரூக். "மாறாம நிறுத்தி வை."

"நிறுத்த முடியாது. யாரும் நிறுத்தவே முடியாதபடி ஒருத்தன் ரொம்ப கெட்டிக்காரத்தனமா எழுதி வெச்சிருக்கான்."

பரூக் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அது நான்தான்."

"தெரியும்."

"சரி, காதோட பொட்டலத்தைப் பிரிச்சு பேழையாக் கட்டிட்டா?"

"முதல்ல கட்டின கம்பெனியோட கையெழுத்து வேணும். நாதம் மூடியே வருஷக்கணக்கா ஆச்சு. கையெழுத்து இல்லாத பேழையைச் சுமைதாங்கி கையால தொடாது."

"அப்படி எந்த மடையன் எழுதினான்?"

"அது நான்," என்றாள் ஜெசிந்தா.

பரூக் கிளாஸை மறுபடி கையில் எடுத்தான். வேறு காது வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டான். இதை எடுத்தால் நரம்பும் கூடவே வந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள்.

"பயமா இருக்கு பரூக். எனக்கு அந்த மூணு வருஷம் தெரியும். பக்கத்துல ஆளுங்க வாய அசைச்சிட்டே இருப்பாங்க. நாம சும்மா சிரிச்சு வெச்சிட்டே இருக்கணும். திரும்ப அங்க போக என்னால முடியாது."

"போக வேணாம். ஆட்சேபத்துக்கு என்ன வேணும்? ஆட்சேபிக்கிற உறுப்பினர் ஒருத்தர், உயிரோட இருக்கற பயனாளி ஒருத்தர். நான் உறுப்பினர், நீ பயனாளி. முடிஞ்சு போச்சு." டீக்காசை அவனே கொடுத்தான்.

அடுத்த கூட்டத்தில் பரூக் எழுந்து ஆட்சேபம் என்றதும் எல்லாருக்கும் ஒரு உற்சாகம் வந்தது. ஆட்சேபம் என்று ஒன்று விதியில் இருப்பதே பல பேருக்கு மறந்து போயிருந்தது. ஆதாரம் எங்கே என்றார் ஆளவந்தார். ஜெசிந்தா முடியை ஒதுக்கினாள்.

"அடடா," என்றார் ஆளவந்தார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. "ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. இத்தனை வருஷமா தெரியாம இருந்துட்டோமே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டியதும் விதி ஞாபகம் வந்துவிட்டது. "அப்ப உங்களுக்கு இதுல சொந்த நலன் இருக்கே. நீங்க வெளிய போகணுமே."

"அவங்க வெளிய போனா ஆதாரம் வெளிய போயிடும் சார்," என்றான் பரூக்.

"ஆதாரம் இருக்கட்டும் பரூக். உறுப்பினர்தான் போகணும்."

"ரெண்டும் ஒரே ஆளு சார்."

ஆளவந்தார் ஆழ்ந்து யோசித்தார். அப்போது நிகிலன் உதவிக்கு வந்தான். உதவி என்று நினைத்துத்தான் வந்தான். "முதல்ல மேடம் பயனாளிதானான்னு உறுதி பண்ணிடலாம் சார். அப்புறம் மத்ததைப் பேசலாம்." கையடக்கமான கருவி ஒன்றை எடுத்து அவள் காதருகே பிடித்தான். அது வழக்கமான கேள்வியை வழக்கம்போலப் பேழையில் கேட்டது. பதில் வரவில்லை.

"சாதனம் எதுவும் இல்லைன்னு வருது மேடம்."

"நிகிலன், இப்ப நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. எதுல கேட்டுச்சுன்னு நினைக்கறீங்க?"

நிகிலன் சங்கடமாக நெளிந்தான். "அது உங்க வாய்மொழி மேடம். சொந்த நலன் இருக்கறவங்க சொல்றதை நாங்க எடுத்துக்க முடியாதே."

ஆக, அவளை வெளியே அனுப்புவதற்கு அந்தக் காது போதுமானதாக இருந்தது. பயனாளி என்று உள்ளே உட்கார வைக்கப் போதவில்லை. ஜெசிந்தா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், சொன்னால் அதையும் வாய்மொழி என்பார்கள். தாழ்வாரத்தில் போய் நின்றாள். நாதம் காது, அது மட்டும் சும்மா சொல்லக்கூடாது, பழசானாலும் கெட்டி. கெட்டிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆளாளுக்குக் கட்டைவிரல் வைக்க, பெட்டி ஒவ்வொரு முறையும் டிங் என்றது அவளுக்குக் கேட்டது. பரூக் மட்டும் வேண்டாம் என்று வைத்ததற்கு ஒரு டொக். அப்புறம் கைதட்டல்.

புது வெர்ஷன் ஒரு திங்கட்கிழமை வெளியாவதாக இருந்தது.

ஜெசிந்தாவின் புருஷன் லாரன்ஸ் எண்ணூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பகல் முழுக்க அவ்வளவு உயரத்தில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருவதால் வீட்டுக்கு வந்ததும் பேசித் தீர்த்துவிடுவார். சாப்பிட்டுக்கொண்டே பேசுவார், சவரம் செய்துகொண்டே பேசுவார். பேச ஒன்றும் இல்லாவிட்டால் சுதி சேராமல் விசில் அடிப்பார். அந்த விசிலுக்காக அவள் அவரைத் திட்டாத நாளில்லை. அந்தத் திங்கட்கிழமை அவர் லீவு போட்டார்.

"இன்னிக்கு அதை ஸ்டாண்டுல வைக்காண்டாம்," என்றார்.

"வச்சா இப்பவே போயிரும். வைக்கலன்னா சார்ஜ் தீந்து சாயங்காலம் போயிரும். அவ்வளவுதாங்க."

"சாயங்காலம் வரைக்கும் இருக்குல்லா. அது போதும்."

அன்றைக்கு அவள் கேட்டதெல்லாம் சாதாரணச் சத்தங்கள்தான். எதிர் ஃபிளாட்டில் குக்கர், மாடியில் யாரோ நாற்காலியை இழுப்பது, பெரும்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கத்துவது. ஒன்றையும் விடாமல் கேட்டாள். லாரன்ஸை விசிலடிக்கச் சொன்னாள். சொன்னதும் அவருக்கு வரவில்லை, உதடு கோணிக்கொண்டது. சரி, ஏதாவது பேசுங்க என்றாள். அவர் துறைமுகத்துக் கதை ஒன்றை ஆரம்பித்தார். ஒரு கப்பல்காரன், ஒரு காணாமல் போன வாழைக்குலை, ஒரு புது ஃபோர்மேன். கதை நன்றாகச் சூடு பிடித்தது. "கப்பல்காரன் நேரா ஃபோர்மேன்கிட்ட வாரான். வந்து, குலை எங்கடேன்னு கேக்கான். அதுக்கு இந்த ஃபோர்மேன் என்ன சொன்னாம்னா..."

அதோடு போய்விட்டது. லாரன்ஸ் வாய் அசைந்துகொண்டே இருந்தது. கையை விரித்தார், தொடையில் தட்டிச் சிரித்தார், அவள் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திவிட்டார். ஜெசிந்தா அழுதாள். தான் சத்தமாக அழுகிறோமா மெல்ல அழுகிறோமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

செல்போனில் எழுத்து வரும் வசதி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. எதிரே இருப்பவர் பேசினால் திரையில் எழுதிக் காட்டும். ஆனால் அந்தச் செயலியை யாரோ ரொம்பப் படித்தவர்கள் செய்திருந்தார்கள். லாரன்ஸ் என்ன பேசினாலும் அதைத் திருத்திச் சுத்தப்படுத்தி, கலெக்டர் கொடியேற்றிவிட்டுப் பேசுகிற மாதிரி போட்டது. 'ஏட்டி, மீன் கருகுது, வா' என்று அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டிருப்பார். திரையில் 'அன்புடையீர், மீன் கருகிக்கொண்டிருக்கிறது, வருக' என்று வரும். ஃபோர்மேன் என்ன சொன்னான் என்று அவள் இரண்டு முறை கேட்டாள். லாரன்ஸ் தலையை ஆட்டிவிட்டுக் காகிதத்தில் எழுதினார்: 'இதுல சொன்னா நல்லாருக்காது. அந்த இழுவை வராது. நீ கேக்கும்போது சொல்லுதேன்.'

நீ கேக்கும்போது. அதைப் படித்ததும் அவளுக்கு மறுபடியும் அழுகை வந்தது.

அந்த வாரம் மன்றம் கூடியது. நடந்ததைப் பரூக் அவளுக்கு எழுதி அனுப்பினான், இடையிடையே சிரிப்புப் பொம்மைகள் போட்டு. சம்பள உயர்வுக்கு ஓட்டெடுப்பு (சம்பளம் மட்டும் சொந்த நலனில் சேராது என்று முன்பே ஒரு விதி போட்டிருந்தார்கள்). ஆளவந்தார் முதலில் கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு எரியவில்லை. விரலைத் துடைத்து வைத்தார். எச்சில் தொட்டு வைத்தார். நிகிலன் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். அடியில், தூசிக்குக் கீழே, அது எந்தக் கட்டில் ஓடுகிறது என்று அச்சடித்திருந்தது. பொட்டலம்.

பெட்டியும் ஒரு பயனாளி. கணக்கெடுப்பில் கேட்ட கேள்வி அதற்கும் புரியாமல் மேஜை நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. தன்னைக் கொல்வதற்கு டிங் டிங் என்று வாக்குகளையும் பதிவு செய்து கொடுத்திருந்தது.

சரி, புதுப் பெட்டி வாங்கலாம் என்றார்கள். வாங்க முடிவெடுக்க வேண்டும். முடிவுக்குப் பெட்டி வேண்டும். நீக்கியதைத் திரும்பப் போடலாம் என்றார்கள், அதற்கும் பெட்டி. கையைத் தூக்கி ஓட்டெடுப்போம் என்றார் ஒருவர். அப்படி விதியை மாற்ற முதலில் ஒரு ஓட்டெடுப்பு வேண்டும். சம்பள உயர்வு நின்றது, சம்பளமும் நின்றுவிடும் என்று கணக்குப் பிரிவு சொன்னது. வக்கீலைக் கூப்பிட்டார்கள். அவர் விதிகளை முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு சந்து இருக்கிறது என்றார். நீக்கியதால் உயிருள்ள பயனாளி ஒருவர் பாதிக்கப்பட்டது உறுதியானால், ஓட்டெடுப்பே இல்லாமல் தலைவர் அதைத் திரும்பப் பெறலாம். பெட்டிக்கு உயிர் இல்லை. ஆகவே ஆள் வேண்டும்.

மறுநாள் மத்தியானம் பெரும்பாக்கம் ஃபிளாட்டுக்கு ஆளவந்தாரும் நிகிலனும் ஆப்பிளோடு வந்தார்கள். பின்னால் பரூக், முகத்தை ரொம்பக் கஷ்டப்பட்டு சீரியஸாக வைத்துக்கொண்டு. லாரன்ஸ் நாற்காலி போட்டார். ஜெசிந்தா செல்போனை நடுவில் வைத்தாள்.

ஆளவந்தார் நீளமாகப் பேசினார். திரையில் இன்னும் நீளமாக வந்தது: 'தங்கள் செவிப்புலன் இழப்பை அறிந்து மன்றம் பெருந்துயர் கொள்கிறது. தாங்கள் ஓர் உயிருள்ள பயனாளி என்பதை ஏற்பதில் மன்றத்துக்குப் பெருமகிழ்ச்சி.'

"எனக்குக் காதுல ஒண்ணுமே இல்லைன்னு கருவி சொல்லிச்சே சார்," என்றாள் ஜெசிந்தா. குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று தெரியாததால் அடுத்த ஃபிளாட்டுக்கும் கேட்டிருக்கும்.

நிகிலன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். திரையில் வந்தது: 'கருவியின் முடிவை மறுபரிசீலனை செய்துள்ளோம்.'

"ஆனா சார், எனக்கு இதுல சொந்த நலன் இருக்கே. இந்தப் பேச்சு நடக்கறப்ப நான் இங்க இருக்கக் கூடாதே." எழுந்தாள். தன் வீட்டுக்குள்ளிருந்து தானே வெளியேறி, பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் மூன்று பேரும் ஆளாளுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். லாரன்ஸ் ஆப்பிளைக் கழுவப் போய்விட்டார். அந்த நிமிஷம் அவளுக்கு அந்த அமைதி கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது.

ஆளவந்தார் வந்து கண்ணாடியைத் தட்டினார். ஜெசிந்தா உள்ளே வந்து தன் நிபந்தனையைச் சொன்னாள். பொட்டலத்தை எத்தனை வருஷம் தாங்குவது என்று இனிமேல் யாரும் கணக்குப் போடக் கூடாது. ஒரே ஒரு பயனாளி உயிரோடு இருக்கிற வரைக்கும் தாங்கியே ஆக வேண்டும். திரும்பப் பெற்றதும் அதை முதல் தீர்மானமாகப் போட வேண்டும்.

நிகிலன் நிமிர்ந்தான். 'ஓட்டைகளை யார் அடைப்பது?' என்று வந்தது திரையில். செயலி எவ்வளவு மெழுகினாலும் அந்தக் கேள்வியில் இருந்த களைப்பு அவன் முகத்தில் தெரிந்தது.

"நானே அடைக்கிறேன். நீங்க உங்க பொண்ணோட இருங்க."

நிகிலன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஆளவந்தார் வருத்தத்தோடு தலையாட்டினார். திரை சொன்னது: 'சொந்த நலன் உள்ளவர் அப்பகுதியைத் தொட விதி இடம் தராது. நிகிலனே தொடர்வார்.'

அன்று மாலையே பொட்டலம் திரும்ப வந்தது. ஜெசிந்தா பட்டனை ஸ்டாண்டில் வைத்து, எடுத்து, காதுக்குப் பின்னால் ஒட்டினாள். முதலில் ஒரு கரகரப்பு. பிறகு மின்விசிறி. பிறகு பக்கத்தில் லாரன்ஸ் மூச்சு விடுவது.

"ஃபோர்மேன் என்ன சொன்னான்?" என்றாள்.

லாரன்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை நாளும் அதை ஆறவிடாமல் மூடி வைத்திருந்தார் போலிருக்கிறது. "அண்ணாச்சி, குலைய நான் பாக்கவே இல்ல, ஆனா பழம் நல்ல இனிப்புன்னாம்பா," என்று இழுத்தார். அப்படியொன்றும் பெரிய ஜோக் இல்லை. ஜெசிந்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மன்றம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஜெசிந்தா தாழ்வாரத்தில் நிற்க, உள்ளே கட்டைவிரல்கள் வைக்கப்பட்டன. எல்லாம் டிங். கடைசிப் பயனாளி உயிரோடு இருக்கும்வரை என்று தீர்மானம் ஆனது. எதையும் இடிக்காததால் யாரும் கைதட்டவில்லை. இரண்டாவது தீர்மானமாகப் பேழையில் ஓடுகிற புதுப் பெட்டி வாங்கினார்கள். பழைய பெட்டியைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். கணக்கெடுப்பு மறுபடியும் நடந்தது. ஜெசிந்தாவின் பேரைக் கையால் எழுதிச் சேர்த்ததில் இந்த முறை பூஜ்யம் இல்லை, ஒன்று.

அதிலிருந்து மன்றத்தில் ஜெசிந்தாவுக்குக் கிடைத்த கவனிப்பு இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. லிஃப்டில் பார்த்தால் உடம்பு எப்படி என்று கேட்டார்கள். இருமினால் திரும்பிப் பார்த்தார்கள். ஆளவந்தார் அவளுக்கு மட்டும் வருஷாந்திர முழு உடல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, அறிக்கையின் நகல் ஒன்று மன்றத்துக்கும் வரட்டும் என்றார். ரொம்ப அக்கறையாகத்தான் சொன்னார். பரூக்குக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு நாள் நிகிலன் அவள் அறைக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. புது ஓட்டை ஒன்றை அடைத்துவிட்டு நேராக வந்திருந்தான். பொண்ணுக்குப் பிறந்தநாள் வந்து போனதாம். கேக் வெட்டும்போது மட்டும் தலையைக் காட்டினானாம்.

"உக்காருங்க நிகிலன். ஒண்ணு கேக்கணும். என்னை மாதிரி வேற யாரும் இல்லைன்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"கணக்கெடுத்தோமே மேடம். எல்லாருக்கும் பேழையில கேள்வி அனுப்பி..." பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு வேறு பேச்சுக்குத் தாவினான். "சுகர், பிரஷர் எல்லாம் எப்படி மேடம்?"

"ஒண்ணும் இல்ல."

"கடவுள் புண்ணியம். உங்க குடும்பத்துல எல்லாருமே நல்ல ஆயுசா?"

"எங்கம்மா தொண்ணூறு தாண்டி இருந்தாங்க. அவங்க அக்கா இன்னும் இருக்காங்க, மாடிப்படி ஏறி வத்தல் காயப்போடறாங்க."

"ரொம்ப சந்தோஷம் மேடம்," என்றான் நிகிலன். மனசார அப்படிச் சொல்லத்தான் பார்த்தான். எழுந்தான், வணக்கம் சொன்னான், வெளியே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினான். தாழ்வாரத்தில் நாலு அடி நடந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டான்.

ஜெசிந்தாவுக்கு அது நன்றாகக் கேட்டது.